ஹோர்முஸ்: குடிதண்ணீர் இல்லாத பணக்கார ஊர்

ஃபேன்டஸி நாவல் படிக்கிறவர்களுக்கும் வீடியோ கேம் விளையாடுகிறவர்களுக்கும் இந்த ஊரை நன்றாகத் தெரிந்திருக்கும். பெயர் மட்டும் கதைக்குக் கதை மாறும். பின்னால் பாலைவனம், முன்னால் கடல். உயரமான வெள்ளை வீடுகள், முத்து வியாபாரிகள், அரபுக் குதிரைகள், பத்து மொழி கேட்கும் சந்தை, அரண்மனைக்குள் எப்போதும் ஒரு சதி. எனக்கு அந்த ஊர்களைப் பார்த்தாலே ஒரு கேள்விதான் வரும். இத்தனை பேர் குடிக்கத் தண்ணிக்கு என்ன பண்றாங்க? கதாசிரியர்கள் அரண்மனை முற்றத்தில் ஒரு நீரூற்றை வைத்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள்.

நிஜத்தில் அப்படி ஒரு ஊர் இருந்தது. எண்ணெய்க் கப்பல்கள் பற்றிச் செய்தி வரும்போதெல்லாம் ஹோர்முஸ் நீரிணை என்று கேட்கிறோமே, அந்த ஹோர்முஸ். நீரிணைக்குள், ஈரான் கரையிலிருந்து சுமார் 8 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஒரு சின்னத் தீவு. பரப்பு ஏறக்குறைய 42 சதுர கிலோமீட்டர், அதாவது பழைய சென்னை மாநகராட்சியில் கால்வாசி. 1300ஐ ஒட்டிய ஆண்டுகளில் தொடங்கி 1622 வரை, இந்தியப் பெருங்கடலின் பெரும் பணக்கார நகரங்களில் ஒன்று இந்தத் தீவில் இருந்தது. ஆறு கிடையாது, வயல் கிடையாது, சொல்லிக்கொள்ளும்படி ஒரு மரம்கூடக் கிடையாது.

ஏன் கிடையாது என்பதற்குக் காரணம் நிலத்துக்கு அடியில். இந்தத் தீவே ஒரு உப்புக் குவிமாடம். ஐம்பது கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் படிந்த உப்புப் பாறை, மேலே இருக்கும் கனமான பாறைகளின் அழுத்தம் தாங்காமல், பற்பசை டியூபை அமுக்கினால் வருகிற மாதிரி மெல்ல மெல்ல மேலே பிதுங்கிக் கடலுக்கு வெளியே தலை நீட்டியிருக்கிறது. கூடவே எரிமலைப் பாறைகளையும் இரும்புத் தாதுவையும் இழுத்துக்கொண்டு வந்ததால் மண் சிவப்பு, மஞ்சள், வெள்ளை என்று பல நிறம். பெய்யும் கொஞ்ச மழையும் உப்பில் ஓடி உவர்த்துப் போய்விடும். இந்த மண்ணில் நல்ல தண்ணீர் ஊறுவது பெரும்பாடு.

அப்புறம் யாருக்கு இங்கே ஊர் கட்டத் தோன்றியது?

முதலில் ஹோர்முஸ் என்ற ஊர் தீவில் இல்லை. இன்றைய மினாப் நகரத்துக்குப் பக்கத்தில், பாரசீகப் பெருநிலத்தில் இருந்தது. 13ஆம் நூற்றாண்டில் மார்கோ போலோ பார்த்தது அந்தப் பழைய ஹோர்முஸைத்தான். வெயில் காலத்தில் அனல் காற்று வீசினால் ஆட்கள் கழுத்தளவு தண்ணீரில் போய் நின்றுகொள்வார்கள் என்கிறார். ஆணியே அடிக்காமல் தேங்காய் நாரால் தைத்த கப்பல்களைப் பார்த்து மிரண்டிருக்கிறார். சரக்கின் மேல் தோலை விரித்து, அதன் மேல் குதிரைகளை ஏற்றி இந்தியாவுக்கு அனுப்புகிறார்கள் என்றும் எழுதியிருக்கிறார். இந்தக் குதிரைகளுக்குப் பிறகு வருகிறேன்.

1300 வாக்கில் மங்கோலியக் குதிரைப்படைகள் அந்தக் கரையை அடிக்கடி சூறையாடின. அப்போது ஹோர்முஸை ஆண்டவர் பஹாவுத்தீன் அயாஸ், துருக்கிய அடிமையாக இருந்து ஆட்சிக்கு வந்தவர். அவர் ஊர் மக்களைக் கூட்டிக்கொண்டு, அப்போது ஜரூன் எனப்பட்ட இந்த உப்புத் தீவுக்குக் குடிபெயர்ந்தார். எவ்வளவு பெரிய குதிரைப்படையாக இருந்தாலும் கடலில் ஓட முடியாது இல்லையா. பழைய ஊரின் பெயரையே தீவுக்கும் வைத்துக்கொண்டார்கள். அயாஸின் மனைவி பீபி மரியம் ஓமன் கரையில் இருந்த கல்ஹாத் நகரத்தை நிர்வகித்தவர். அங்கே அவர் பெயரால் நிற்கும் கல்லறை மண்டபம் இடிந்தும் இடியாமலும் இன்றும் இருக்கிறது. 2018இல் கல்ஹாத் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. ஹோர்முஸ் என்பது ஒரு தீவு மட்டும் அல்ல, வளைகுடாவின் இரண்டு கரைகளிலும் துறைமுகங்களைக் கையில் வைத்திருந்த ஒரு கடல் ராஜ்ஜியம் என்பதற்கு அந்த மண்டபம் நல்ல சாட்சி.

என் தொழில் மென்பொருள் என்பதால் இப்படித்தான் பார்க்கத் தோன்றுகிறது: ஒரு ஆபத்தைத் தவிர்க்க இன்னொரு ஆபத்தைத் தெரிந்தே தலையில் ஏற்றிக்கொண்டார்கள். தரைப்படை பயம் போனது. பதிலுக்கு, இனி குடிக்கிற ஒவ்வொரு செம்புத் தண்ணீருக்கும் வேறொரு கரையை நம்ப வேண்டும். தண்ணீர் பெருநிலத்திலிருந்தும், பக்கத்தில் இருக்கும் பெரிய தீவான கெஷ்மிலிருந்தும் படகில் வந்தது. மழைநீரைச் சேமிக்கத் தொட்டிகளும் கட்டினார்கள். 2019 கோடையில் ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் வந்தது நினைவிருக்கும். ஹோர்முஸில் அதுதான் முந்நூறு வருஷம் தினசரி வாழ்க்கை.

இப்னு பதூதா 14ஆம் நூற்றாண்டில் இங்கே வந்தார். மீனும் பேரீச்சம்பழமும்தான் உணவு, தண்ணீருக்கு நல்ல விலை, தூரத்திலிருந்து நிரப்பிப் படகில் கொண்டு வருகிறார்கள் என்று எழுதுகிறார். உப்புப் பாறையைச் செதுக்கி அலங்காரப் பாத்திரங்களும் விளக்குத் தண்டுகளும் செய்வதைப் பார்த்திருக்கிறார். பள்ளிவாசலுக்கும் சந்தைக்கும் நடுவே ஒரு மீன் தலை கிடந்ததாம். குன்று மாதிரி அவ்வளவு பெரிசு, கண்கள் இரண்டும் வாசல்கள் மாதிரி, ஜனங்கள் ஒரு கண்ணில் நுழைந்து மறு கண்ணில் வெளியே வருகிறார்கள். திமிங்கில மண்டையோடாகத்தான் இருக்க வேண்டும். ஃபேன்டஸி எழுதுகிற யாராவது இதை எழுதியிருந்தால் கொஞ்சம் ஓவர் என்று சொல்லியிருப்போம்.

அடுத்த நூற்றாண்டில் சீனர்கள் வந்தார்கள். செங் ஹேயின் நான்காவது கடற்பயணம், 1413இல் கிளம்பியது, ஹோர்முஸ் வரை எட்டியது. உப்புப் பாறைத் தட்டில் சாப்பாடு வைத்தால் தனியாக உப்புப் போட வேண்டாம் என்று சீனக் குறிப்புகளில் ஒரு வரி வருகிறது. அந்தப் பயணங்களில் மொழிபெயர்ப்பாளராகப் போன மா ஹுவான், வேறு ஒரு விஷயத்தைக் கவனித்து எழுதியிருக்கிறார். ஒரு குடும்பம் நொடித்துப் போனால் ஊரார் துணியும் சோறும் கொடுப்பதோடு, மறுபடி தொழில் தொடங்க முதலும் கொடுத்துத் தூக்கிவிடுவார்களாம். அதனால் அங்கே ஏழைக் குடும்பமே இல்லை என்கிறார். வெளியூர்க்காரர் கண்ணுக்குப் பணக்காரத் தெருக்கள்தான் பட்டிருக்கும், தண்ணீர்ப் பானை இறக்குகிறவர்களின் வீட்டுக்கு அவர் போயிருக்க மாட்டார் என்று தள்ளுபடி செய்துகொள்ளலாம். ஆனாலும் சோறு போடுவதோடு நிறுத்தாமல் முதலும் போட்டுக் கொடுப்பது ஒரு வணிக ஊருக்கு மட்டுமே வரக்கூடிய புத்தி.

1442இல் அப்துர் ரஸ்ஸாக் சமர்கந்தி வந்தார். தைமூரின் மகன் ஷாருக், கோழிக்கோட்டுக்கு அனுப்பிய தூதர் இவர். பிறகு விஜயநகரத்துக்கும் போய் எழுதியவர் என்பதால் நமக்கு ஓரளவு தெரிந்த பெயர். இவர் ஹோர்முஸ் பற்றித் தரும் தகவல்தான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. எகிப்து, சிரியா, அஸர்பைஜான், சீனா, ஜாவா, வங்காளம், இலங்கை என்று எல்லா ஊர் வியாபாரிகளும் அங்கே இருக்கிறார்கள் என்று பட்டியல் போடுகிறார். தங்கமும் வெள்ளியும் தவிர மற்ற எல்லாச் சரக்குக்கும் பத்தில் ஒரு பங்கு சுங்கம். எந்த மதத்துக்காரரும் இருக்கலாம், யாருக்கும் அநியாயம் நடப்பதில்லை, அதனால் ஊருக்கு தாருல் அமான், அதாவது அபய இல்லம் என்று பெயர்.

தீவில் விளைவது உப்பும் செம்மண்ணும் மட்டும்தான். மற்றபடி விற்றதெல்லாம் வேறு ஊர்ச் சரக்கு. பஹ்ரைன் முத்து, பாரசீகப் பட்டு, குஜராத் துணி, மலபார் மிளகு, அரபுக் குதிரை. குஜராத்திலிருந்து வரும் வியாபாரியும் பாரசீகத்திலிருந்து வரும் வியாபாரியும் ஒருவரை ஒருவர் நம்பிச் சந்திக்க ஒரு இடம் வேண்டும். சுங்கம் எவ்வளவு என்று முன்கூட்டியே தெரிய வேண்டும், சரக்கு பண்டகசாலையில் பத்திரமாக இருக்க வேண்டும், பருவக்காற்று திரும்பும் வரை தங்க வேண்டும். ஹோர்முஸ் உண்மையில் விற்றது இந்த ஏற்பாட்டைத்தான். பத்து சதவீதம் அதற்கான கூலி.

சமர்கந்தி வெறுமனே புகழ்கிறவர் என்றும் ஒதுக்க முடியாது. கோழிக்கோட்டு மனிதர்களைப் பற்றி முகம் சுளித்துத்தான் எழுதினார், ஆனால் அந்தத் துறைமுகத்தில் சரக்குக்கு இருந்த பாதுகாப்பைப் பாராட்டினார். துறைமுகங்களை எடைபோட அவருக்குத் தெரிந்திருக்கிறது.

குதிரைக்கு வருவோம். நம்ம ஊர்ச் சம்பந்தம் இங்கேதான். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் தரும் கணக்குப்படி, வளைகுடாத் துறைமுகங்களிலிருந்து மாபார், காம்பே முதலிய இடங்களுக்கு ஒரு காலத்தில் ஆண்டுக்கு 10,000 குதிரைகள் போயின. மாபார் என்பது சோழமண்டல, பாண்டிய நாட்டுக் கரைக்கு அரபிகள் வைத்த பெயர். குதிரை ஒன்றுக்கு 220 தினார். கடலில் செத்துப்போன குதிரைக்கும் பாண்டியர் கஜானாவிலிருந்து பணம் வந்துவிடும் என்று ஒப்பந்தம். விற்பவருக்கு ரிஸ்க்கே இல்லாத வியாபாரம்! தாமிரபரணி முகத்துவாரத்துக் காயல் துறைமுகத்துக்கு ஹோர்முஸ், கிஷ், ஏடன் பக்கத்துக் கப்பல்கள் குதிரையோடு வந்ததை மார்கோ போலோவும் சொல்கிறார். வாங்கிய குதிரைகளில் பெரும்பாலானவை ஒரு வருஷத்துக்குள் செத்துவிடுகின்றன, பராமரிக்கத் தெரியவில்லை, கண்டதையும் சமைத்துப் போடுகிறார்கள் என்றும் அவருக்கு வருத்தம். வருத்தப்பட வேண்டியது நாம்தான். அடுத்த வருஷமும் ஆர்டர் வரும் என்பதில் வளைகுடா வியாபாரிகளுக்குச் சந்தோஷமே இருந்திருக்கும். குதிரை வாங்கக் கொடுத்த பாண்டியன் பணத்தை மாணிக்கவாசகர் கோயிலுக்குச் செலவழித்த கதையை, அந்தப் பணம் எவ்வளவு பெரிய தொகை என்று தெரிந்துகொண்டு கேட்டால் அரசனின் கோபம் கொஞ்சம் புரியும்.

இதெல்லாம் பெரும்பாலும் தீவுக்குக் குடிபெயர்வதற்கு முந்தைய கணக்கு. கிஷ் தீவு அப்போது ஹோர்முஸின் போட்டியாளர். 1330 வாக்கில் ஹோர்முஸ் கிஷ்ஷையே விழுங்கிவிட்டது. குதிரை வியாபாரம் தொடர்ந்தது. அடுத்த நூற்றாண்டில் அஃபனாசி நிகிதின் என்ற ரஷ்ய வியாபாரி ஹோர்முஸிலிருந்து ஒரு குதிரையைக் கப்பலேற்றி மகாராஷ்டிரக் கரைக்குக் கொண்டு வந்தார். ஜுன்னாரில் அஸத்கான் அதைப் பிடுங்கிக்கொண்டு, மதம் மாறினால் தருகிறேன் என்று மிரட்ட, மனிதர் பட்ட பாடு பெரிய கதை. ஒற்றைக் குதிரையில் மொத்த முதலையும் போட்டவர் அவர்.

பணக்காரத்தனம் எப்படி இருந்தது என்பதற்கு 16ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் துவார்த்தே பார்போசா எழுதிய ஒரு குறிப்பு போதும். உயரமான வீடுகளில் மேல் காற்றைப் பிடித்துக் கீழ் அறைக்கு இறக்கும் மர அமைப்புகள் இருந்தன. பெரிய வியாபாரிகள் தெருவில் நடக்கும்போது பின்னால் ஒரு பையன் வெள்ளி வேலைப்பாடு செய்த குப்பியைச் சுமந்துகொண்டு வருவான். குப்பிக்குள் இருந்தது அத்தரோ மதுவோ இல்லை, தண்ணீர். தாகத்துக்கும் ஆச்சு, அந்தஸ்துக்கும் ஆச்சு.

அரண்மனையை மட்டும் யாரும் அபய இல்லம் என்று சொல்லியிருக்க மாட்டார்கள். அரியணைக்குப் போட்டி வரக்கூடிய அரச குடும்பத்து ஆண்களின் கண்களைக் குருடாக்கி ஒரு வீட்டில் அடைத்து வைப்பது அங்கே வழக்கம். அரசரை விட அமைச்சர் கையில்தான் அதிகாரம். வெளியூர் வியாபாரியின் மூட்டை பத்திரம், உள்ளூர் இளவரசனின் கண்ணுக்கு உத்தரவாதம் இல்லை. அந்த ராஜ வம்சத்தின் கதையை தூரான் ஷா என்ற அரசர் ஒரு வரலாறாக எழுதியிருந்தார். மூலம் இன்று இல்லை. பேட்ரோ டெய்ஷெய்ரா என்ற போர்த்துகீசியர் 1610இல் அச்சிட்ட சுருக்கம் மிஞ்சியிருக்கிறது.

1507 செப்டம்பரில் அஃபோன்சோ டி அல்புகெர்க் அரை டஜன் கப்பல்களோடு வந்து நின்றார். அரசன் சைஃபுத்தீன் சின்னப் பையன், நிர்வாகம் அமைச்சர் க்வாஜா அத்தார் கையில். துறைமுகத்தில் நின்ற கப்பல்களை அல்புகெர்க்கின் பீரங்கிகள் அடித்து நொறுக்கின. ஆண்டுக்கு 15,000 அஷ்ரஃபி கப்பம் என்று பேசி முடித்து, கோட்டையும் கட்ட ஆரம்பித்தார். அப்புறம் அவருடைய ஆட்களே சண்டைக்கு நின்றார்கள். கொள்ளையடிக்க வந்த கப்பல் தலைவர்களைக் கல் சுமக்கச் சொன்னால் என்ன ஆகும்? சிலர் கப்பலோடு இந்தியாவுக்கே ஓடிவிட்டார்கள். உறவு முறிந்ததும் அல்புகெர்க் செய்த முதல் காரியம், கெஷ்மிலிருந்து வரும் தண்ணீர்ப் படகுகளை மறித்தது. மதிலைப் பார்க்கவில்லை, குடத்தைப் பார்த்தார். ஊரின் கழுத்து எங்கே இருக்கிறது என்று வந்த சில மாதங்களிலேயே கண்டுபிடித்துவிட்டார். ஆள் போதாததால் அந்த முறை பின்வாங்க வேண்டியிருந்தது. 1515இல் பெரிய படையோடு திரும்பி வந்து, அமைச்சராக இருந்த ரயீஸ் அஹமதை அரசனின் கண் முன்னாலேயே குத்திக் கொல்லவைத்து, கோட்டையை முடித்தார். குருடாக்கப்பட்ட முன்னாள் அரசர்களைக் குடும்பத்தோடு கோவாவுக்கு அனுப்பிவிட்டார். அந்த வருஷக் கடைசியிலேயே அவரும் இறந்துபோனார்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் ஒரு நிர்வாகப் பாடமாகத்தான் படிக்கிறேன். 15,000இல் தொடங்கிய கப்பம் 1520களின் முடிவில் 1,00,000 ஆனது. சுங்கச்சாவடியில் போர்த்துகீசிய அதிகாரிகளை உட்கார வைத்தபோது, 1521இல் ஊர் கிளர்ந்தெழுந்தது. அரசன் தன் நகரத்துக்குத் தானே தீ வைத்துவிட்டு, மக்களோடு கெஷ்முக்குப் போனான். போனது தண்ணீர் இருக்கும் இடத்துக்கு என்பதைக் கவனியுங்கள். அங்கே அவன் கொல்லப்பட்டான், மக்கள் திரும்பி வந்தார்கள். கப்ப பாக்கி ஏறிக்கொண்டே போய், 1543இல் சுங்க வருமானம் முழுவதும் போர்த்துகல் கைக்குப் போனது.

ஊர் உடனே அழிந்துவிடவில்லை. இன்னும் எண்பது வருஷம் பணம் கொழித்தது. லார் நகரத்து வெள்ளிக் கம்பிக் காசான லாரின் இந்தப் பக்கக் கடல் முழுக்கச் செல்லுபடியானது, இலங்கையில் அதைத் தூண்டில் முள் மாதிரி வளைத்துப் புழங்கினார்கள். ஆனால் ஹோர்முஸ் கேப்டன் பதவி மூன்று வருஷத்துக்கு ஒருவர் என்று ஆகிப்போனது. மூன்று வருஷத்தில் போட்டதை எடுக்க வேண்டும், அதற்கு மேலும் எடுக்க வேண்டும். என் கப்பலில்தான் சரக்கு ஏற்ற வேண்டும், எனக்குக் கடன் தர வேண்டும், இந்தச் சரக்கை நான் மட்டும்தான் விற்பேன் என்று ஆளுக்கொரு சட்டம். 1583இல் வந்த ஜான் நியூபெரி, ரால்ஃப் ஃபிட்ச் என்ற ஆங்கில வியாபாரிகள் ஒற்றர்கள் என்ற சந்தேகத்தில் பிடிபட்டுக் கோவாவுக்குக் கைதிகளாக அனுப்பப்பட்டார்கள். சுங்க விகிதம் ஏறக்குறைய பழையபடியே இருந்தது. கடைசியில் எவ்வளவு செலவாகும் என்பதைத்தான் யாராலும் சொல்ல முடியவில்லை. டேனிஷ் வரலாற்றாளர் நீல்ஸ் ஸ்டீன்ஸ்கார், ஹோர்முஸின் வீழ்ச்சியை வைத்தே ஒரு பெரிய புத்தகம் எழுதினார். இப்படிக் கணிக்க முடியாத பாதுகாப்புச் செலவைக் கணிக்கக்கூடியதாக மாற்றியதுதான் ஐரோப்பியக் கம்பெனிகளின் வெற்றி என்பது அவர் வாதம். சந்தையைப் பொறுத்தவரை எனக்கு அது சரியாகப் படுகிறது. ஆனால் ஹோர்முஸ் ஏன் சில மாதங்களில் விழுந்தது என்பதற்கு தண்ணீர்க் குடமே போதும் என்று நினைக்கிறேன்.

பாரசீகத்தின் ஷா அப்பாஸ் அவசரப்படவில்லை. 1602இல் பஹ்ரைனைப் பிடித்தார். 1614இல் ஹோர்முஸுக்கு எதிர்க்கரையில் இருந்த கோம்ப்ரூன் கோட்டையைப் பிடித்தார். பெருநிலத் தண்ணீர் இப்போது அவர் தயவில். மிஞ்சியது கெஷ்ம். போர்த்துகீசியருக்கும் இது தெரிந்திருந்தது. 1621இல் ருய் ஃப்ரெய்ரே டி அந்த்ராடே கெஷ்மில் இறங்கி, கிணறுகளைக் காப்பாற்ற ஒரு கோட்டை கட்டினார். ஒரு நூற்றாண்டு தாமதமாக!

ஷாவிடம் கப்பற்படை இல்லை. ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்கள் பட்டு வாங்க வந்து நின்றன. தளபதி இமாம் குலி கான், கப்பல் தராவிட்டால் பட்டு கிடைக்காது என்கிற மாதிரி பேசி, கொள்ளையில் பங்கு, கோம்ப்ரூன் சுங்கத்தில் பாதி என்று ஒப்பந்தம் போட்டார். முதலில் கெஷ்மைத் தாக்கினார்கள், 1622 தொடக்கத்தில் அது விழுந்தது. அந்த முற்றுகையில் செத்த ஆங்கிலேயர்களில் ஒருவர் வில்லியம் பாஃபின். கனடாவுக்கு வடக்கே பனிக்கடலில் பாஃபின் விரிகுடா இருக்கிறதே, அதே பாஃபின். ஆர்க்டிக்கில் வழி தேடிய மனிதர், பாரசீக வளைகுடாவில் ஒரு கிணற்றுக் கோட்டைக்கு முன்னால் குண்டடிபட்டு இறந்தார். பிப்ரவரியில் பாரசீகப் படை ஹோர்முஸ் நகரத்தில் இறங்கியது. கோட்டை மட்டும் நோயோடும் பற்றாக்குறையோடும் மே மாதத் தொடக்கம் வரை தாக்குப்பிடித்துச் சரணடைந்தது.

லண்டனில் இதற்கு ஒரு வேடிக்கையான பின்கதை உண்டு. நட்பு நாடான போர்த்துகலின் கோட்டையைத் தாக்கியதற்காகக் கம்பெனி மீது பாய்ந்த மன்னர் ஜேம்ஸ், 10,000 பவுண்டு வாங்கிக்கொண்டு அமைதியானார். பக்கிங்காம் பிரபுவுக்கும் 10,000 பவுண்டு. கடற்கொள்ளை என்றால் என் பங்கு எங்கே என்பதுதான் கோபம்.

ஷா அப்பாஸ் தீவு நகரத்தை மறுபடி எழுப்பவில்லை. எதிர்க்கரையில் கோம்ப்ரூன்தான் பந்தர் அப்பாஸ் என்ற புதுப் பெயரோடு வளர்ந்தது. பெருநிலமே ஒரே வலுவான அரசின் கையில் இருக்கும்போது, தண்ணீரைப் படகில் ஏற்றித் தீவுக்குக் கொண்டுபோய்ச் சந்தை நடத்துவதற்குக் காரணமே இல்லை. அயாஸ் குடிபெயர்ந்த காரணம் காலாவதியாகிவிட்டது. ஏழெட்டு ஆண்டுகளுக்குள் ஊர் இடிபாடாகிவிட்டது. 45 ஆண்டுகள் கழித்து, 1667இல் ஜான் மில்டன் பாரடைஸ் லாஸ்ட் காவியத்தில் சாத்தானின் சிம்மாசனத்தின் பகட்டைச் சொல்ல ஹோர்முஸின் செல்வத்தை உவமையாக எடுத்தார். அதற்குள் அது கேட்டுத் தெரிந்துகொள்ளும் ஊராக மட்டும் ஆகியிருந்தது. நம் ஃபேன்டஸி நாவல்களின் பாலைவனத் துறைமுகங்களுக்கு இந்தப் பெயர் ஒரு முப்பாட்டன் என்று தாராளமாகச் சொல்லலாம்.

இன்று தீவில் சில ஆயிரம் பேர் வாழ்கிறார்கள். போர்த்துகீசியக் கோட்டையின் சிவந்த கல் மதில் வடக்கு முனையில் நிற்கிறது. உள்ளே தூண்கள் தாங்கிய பெரிய நிலத்தடித் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றுலா வருபவர்கள் படம் எடுக்கிறார்கள். கெலக் என்று சொல்லும் அந்தச் செம்மண்ணை உள்ளூர்ப் பெண்கள் இப்போதும் சமையலில் சேர்க்கிறார்கள். சின்ன மீனோடு ஊறவைத்து, தோம்ஷி என்ற மெல்லிய ரொட்டியின் மேல் தடவித் தருவார்கள். உப்புக் கரிக்குமாம்.